திறப்பு பத்திரமா சகோதரிகளே?



காணாமற்போன உறவுகளைத் தேடும் பெண்களுடன் நான் பணியாற்றுகிறேன். முறைப்பாட்டுப் பிரதி, சாட்சியம் என்பவற்றை இப்போது பலர் மின்னஞ்சலிலேயே அனுப்புகிறார்கள். இவை பிறர் கண்ணில் படக்கூடாதவை. சங்கத்துக் கணனியில் தண்டர்பேர்ட் இருந்தால் கடிதத்தைப் பூட்டி அனுப்பலாம். முன்னர் இதற்கு எனிக்மெயில் என்ற இணைப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 2020 இல் வந்த 78 ஆம் பதிப்பிலிருந்து அவ்வசதி உள்ளேயே இருக்கிறது.

இதில் இரண்டு திறப்புகள் உண்டு. பொதுத் திறப்பை நமக்கு எழுதுபவர்களிடம் கொடுக்கலாம். அதனால் பூட்ட மட்டுமே முடியும். திறந்து வாசிக்க இரகசியத் திறப்பு வேண்டும். அதை எவருக்கும் அனுப்பாதீர்கள்.

வந்த கடிதம் கணனியிலும் பூட்டியபடியே இருக்கும். கணனி பழுதாகி இரகசியத் திறப்பு அழிந்தால், பழைய கடிதங்களை எந்தத் திருத்துனராலும் மீட்டுத்தர முடியாது. எனவே இன்றே அத்திறப்பைக் கடவுச்சொல்லுடன் ஒரு பென்ட்ரைவில் பிரதியெடுத்து, வேறோர் இடத்தில் பூட்டி வையுங்கள். அந்தக் கடவுச்சொல்லையும் மறக்கக்கூடாது.

திறப்பு காலாவதியானாலும் அழித்துவிடாதீர்கள். பழைய கடிதங்களைத் திறக்க அதுவே தேவை.

பலர் பாவிக்கும் கணனி என்றால் தண்டர்பேர்டில் முதன்மைக் கடவுச்சொல் போடுவது அவசியம். இல்லையேல் அதில் வந்து அமரும் எவரும் உங்கள் கடிதங்களைத் திறந்து வாசித்துவிடலாம்.

இன்னொன்று: கடிதத்தின் உள்ளடக்கம் பூட்டப்பட்டாலும், யார் யாருக்கு, எப்போது எழுதினார் என்பது மறையாது. அனுப்புமுன் இதையும் யோசியுங்கள்.

வீட்டுத் திறப்பைப் போல இதற்கும் ஒரு மாற்றுத் திறப்பு இருக்கட்டும், சகோதரிகளே.