டீச்சர் ஏன் மாறுதல் கேட்கிறார்?

பழவேற்காடு ஏரியில் காற்று திசை மாறினால் படகு பிந்தும். ஏரிக்கு நடுவில் இருக்கும் ஊர்களுக்குப் பல தலைமுறைகளாகப் படகுதான் பஸ். பொன்னேரியிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து, படகுத்துறையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலை நனையாமல் ஏறி, அக்கரை சேரும் ஒரு டீச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இருபது நிமிடம் தாமதம்.

பள்ளி வாசலில் என்ன நடக்கும்? "மணி என்ன ஆச்சு டீச்சர்?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டு, அரை நாள் விடுப்பு எழுதச் சொல்லும் தலைமையாசிரியர் இருக்கலாம். படகு கிளம்பவில்லை என்று போனில் தெரிந்துகொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தன் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்திருக்கும் தலைமையாசிரியரும் இருக்கலாம். சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஏரியும் ஒன்றுதான். ஆனால் அடுத்த மாறுதல் கலந்தாய்வுக்கு முதல் பள்ளி டீச்சர் விண்ணப்பம் போட்டுவிடுவார். இரண்டாவது பள்ளி டீச்சர், "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்" என்பார்.

"கவர்ன்மென்ட் சம்பளம், மே மாசம் லீவு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் நகரில் 200க்கும் மேற்பட்ட பொறியாளர்களையும் கணக்காளர்களையும் இதே சந்தேகத்தோடு விசாரித்தார். 1959-ல் அது புத்தகமாக வந்தது. வேலையில் வெறுப்பு வந்த நாட்களைச் சொல்லச் சொன்னபோது, நிர்வாகம் நடத்திய விதமும் மேலதிகாரியின் போக்கும் திரும்பத் திரும்ப வந்தன. சந்தோஷமான நாட்களைக் கேட்டபோது, ஒன்றைச் செய்து முடித்ததும் அதை நாலு பேர் கவனித்ததும் வந்தன. சம்பளம் குறைந்தால் மனம் கசக்கும். கூடினால் மட்டும் மனம் நிறைந்துவிடாது என்பது அவர் கண்டது.

தலைமையாசிரியரால் சம்பளத்தைத் தொட முடியாது. மாறுதலும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது கால அட்டவணை, விடுப்புக்கு ஒரு கையெழுத்து, யாருக்கு எந்த வேலை என்கிற பங்கீடு, அப்புறம் அவருடைய நாக்கு. டீச்சரின் ஒரு நாள் பெரும்பாலும் இதற்குள்தான் அடங்கிவிடுகிறது.

ஈராசிரியர் பள்ளியில் இது இன்னும் கூர்மை. மீஞ்சூரில் கூட்டம் என்று தலைமையாசிரியர் கிளம்பிவிட்டால், ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். முந்தின நாளே சொல்லி, எந்த வகுப்புக்கு என்ன வேலை கொடுப்பது என்று பேசி வைத்துவிட்டுப் போனால் அது சமாளிக்கிற நாள். காலையில் படகு ஏறிய பிறகு போனில் சொன்னால், அன்றைக்கு நடப்பது பாடம் இல்லை, காவல்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஏரியில் எங்கே நல்ல மீன் விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். வலுத்தவர் அதைப் பிடித்துக்கொள்ளாமல், உரிமையுள்ள குடும்பங்களுக்கு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. (பாட்டில் பங்கு இல்லாதவர்களுக்கு மனக்குறை உண்டு, அது தனிக் கதை.) பள்ளிக்கூடத்தில் பல இடங்களில் இந்த முறை இல்லை. எமிஸ் பதிவு, காலை உணவு மேற்பார்வை, ஆண்டு விழா, வந்த சுற்றறிக்கைக்குப் பதில் எல்லாம், செல்போன் நன்றாகத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக வயதில் சின்ன டீச்சரிடம் போய்ச் சேரும். நல்லதைப் பங்கு போடவே முறை வைத்த ஊரில், சுமையைப் பங்கு போட ஒரு முறை வைக்க முடியாதா?

2003-ல் உலக வங்கி, ஹார்வர்டு ஆய்வாளர்கள் இந்தியாவின் 20 மாநிலங்களில் 3,700 பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 100-க்கு 25 ஆசிரியர்கள் அங்கே இல்லை. தலைமையாசிரியர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே இல்லை. அலுவல் வேலையாகப் போனவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. தார்ச்சாலைக்குப் பக்கத்தில், வசதிகள் நன்றாக உள்ள பள்ளிகளில் வராதவர்கள் குறைவு. ஏரிக்கு நடுவில் இருக்கும் ஊருக்கு இதில் என்ன செய்தி என்று விளக்க வேண்டியதில்லை.

தலைமையாசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. பல வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவர், பணிமூப்பில் ஒருநாள் நிர்வாகி ஆகிறார். கணக்குப் பாடமும் நடத்த வேண்டும், ஓட்டையான கூரைக்கும் எழுதிப்போட வேண்டும், இறால் சீசனில் அப்பாவோடு போய்விட்ட ஐந்தாம் வகுப்புப் பையனுக்காக ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் பேச வேண்டும். டீச்சர் மேல் விழும் கடுஞ்சொல்லில் பாதி, மேலிருந்து அவருக்கு வந்ததாக இருக்கும்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். கூட்டத்தில் கழிவறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும். டீச்சருக்காகக் காலைப் படகு எத்தனை மணிக்குக் கிளம்பும், மாலையில் கடைசிப் படகு எப்போது என்பதையும் தலைமையாசிரியர் அங்கேயே எடுத்து வைக்கலாம். படகு வைத்திருப்பவர்கள்தான் அங்கே பெற்றோராக உட்கார்ந்திருப்பார்கள்.