மஞ்சள் கண்ணாடி எதற்கு?

போன வாரம் படிக்கிற கண்ணாடியை மாற்றக் கடைக்குப் போயிருந்தேன். "செல்போன் பார்ப்பீங்களா சார்? அப்ப ப்ளூ கட் போட்டுக்குங்க" என்றார் அங்கிருந்த தம்பி. பேனா மாதிரி ஒரு லேசர் விளக்கை எடுத்து அட்டையில் அடித்தார். புள்ளி விழுந்தது. நடுவில் லென்ஸைப் பிடித்தார், புள்ளி காணாமல் போனது.

இந்த வித்தையைப் பல கடைகளில் காட்டுகிறார்கள். அந்தப் பேனாவின் ஒளி சுமார் 405 நானோமீட்டர், ஊதாவின் ஓரம். செல்போன் திரையின் நீலமோ 450ஐ ஒட்டியது. நிறமில்லாத இந்த லென்ஸ் ஓரத்தை மறித்துவிட்டு, அந்த நீலத்தில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். முழுசாகத் தடுத்தால் வெள்ளைத் தாள் மஞ்சளாக அல்லவா தெரியவேண்டும்? 2023ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வு இதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றது. நம் வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே மஞ்சளித்து நீலத்தை வடிகட்டத் தொடங்கிவிடுகிறது. புரை எடுத்த மறுநாள் வேட்டி நீலம் போட்டமாதிரி பளிச்சென்று தெரிந்தது என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்!

எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காசு போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் இந்த 'ப்ளூ லைட்' பேச்சு கடையோடு நிற்கவில்லையே.

எங்கள் தெருக்கோடி கிரில் பட்டறையில் ஒரு பையன் மஞ்சள் சேஃப்டி கண்ணாடி மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். ஏண்டா என்றேன். "இது ப்ளூ லைட்டைத் தடுக்கும் தாத்தா, நல்லாவும் தெரியுது."

நன்றாகத் தெரிவதுதான் ஆபத்தே. ஐ.டி.ஐ.யில் இருபது வருடம் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவன் நான். மஞ்சள் கண்ணாடி நீலத்தில் ஒரு பங்கைக் குறைக்கும். மற்ற வெளிச்சம் அப்படியே உள்ளே வரும். 11 நம்பர் கறுப்புக் கண்ணாடியோ ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடும். வெல்டிங் தீப்பொறிக்கு அதுதான் அளவு. அது இல்லாவிட்டால் ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப்போட்டமாதிரி உறுத்தும், தூக்கம் போகும். அதுகூட ஓரிரு நாளில் ஆறிவிடும். விழித்திரையில் பட்ட காயம் அப்படி ஆறுமென்று நம்ப முடியாது.

நிறக் கண்ணாடி தப்பு என்று சொல்லவில்லை. பல் அடைத்து நீல விளக்குக் காட்டுகிறாரே பல் டாக்டர், அவர் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டே ஆகவேண்டும். வாங்கும்போது அதன் வழியாக ஒரு நீல விளக்கைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்த விளக்கின் நீலத்தைத் தடுக்கவென்றே செய்த கண்ணாடியா என்று கேட்டு வாங்கவேண்டும். நமக்கு எதிரே எரியும் விளக்கைப் பார்த்துத்தான் கண்ணாடியின் நிறத்தை எடுக்கவேண்டும். விற்கிறவர் காட்டும் பேனாவைப் பார்த்து அல்ல.

மஞ்சளை கிரைண்டிங்குக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி, வீட்டில் கிடந்த என் கைஷீல்டை அவனிடம் கொடுத்தேன். "ஒரு கை இதுக்கே போயிடுது தாத்தா, தலையில மாட்டுறதுன்னா வேலை ஓடும்" என்றான். நியாயம்தான். முதலாளியிடம் சொன்னேன். ஒண்ணாம் தேதி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் தேதி காலை நடை அந்தப் பக்கம்தான்.