நிர்வாகியின் அனுமதி பெண்ணின் சம்மதம் ஆகுமா?



கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு என்று சொல்லிக்கொண்டு எங்கள் பீடோங் வட்டாரத் தோட்டத்துக்கு அண்மையில் ஒரு குழு வந்தது. தோட்ட நிர்வாகியிடம் அனுமதி வாங்கியாயிற்று என்றார்கள். கோயில் மண்டபத்தில் பெண்களை வரிசையாக உட்கார வைத்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த படிவத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் முன்கூட்டியே பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தது. "இது எதுக்குங்க?" என்று கேட்ட பால்மரம் வெட்டும் அக்காவுக்கு, "டெஸ்ட்டுக்குத்தான், சைன் பண்ணுங்க" என்று பதில் வந்தது. மாதிரிகளை எடுத்துக்கொண்டு போனவர்கள், முடிவைத் தமிழில் விளக்கிச் சொல்ல இன்றுவரை திரும்பி வரவில்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

பரிசோதனை அவசியம் வேண்டும். நம் மலேசியாவில், கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை 1969 முதல் இருக்கிறது. இருந்தும், கூச்சத்தாலும் ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலையாலும் கிளினிக் பக்கமே போகாத பெண்கள் தோட்டங்களில் ஏராளம். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமியைக் கண்டறியும் சோதனைக்கோ, பெண்ணே மறைவாகக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். 2018-இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து தொடங்கிய 'ரோஸ்' திட்டம் இதை இங்கேயே செய்து காட்டியது.

ஆனால் குச்சியைக் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. எச்பிவி உடலுறவால் தொற்றும் கிருமி. 'கிருமி இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டால் வீட்டில் சந்தேகமும் சண்டையும்தான் மிஞ்சும். அது மிகப் பரவலான கிருமி, பெரும்பாலும் தானாகவே போய்விடும், ஆண்டுக்கணக்கில் தங்கினால்தான் ஆபத்து என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். மேற்கொண்டு பரிசோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் துணையும் வண்டியும் வேண்டும்.

பாலிங் மாவட்டத்தின் உலு லெகோங்கில் வாழும் கென்சியு பூர்வகுடிப் பெண்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். பூர்வகுடிக் கிராமத்தில் ஆய்வு செய்ய, பூர்வகுடி மேம்பாட்டு இலாகாவான ஜாக்கோவாவின் அனுமதி தேவை. இலாகா அனுமதி கொடுத்துவிட்டதாலேயே அங்குள்ள பெண் சம்மதித்ததாக எப்படி எடுத்துக்கொள்வது?

பெண்ணுக்காகப் பிறர் சம்மதம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2009-இல் இந்தியாவின் கம்மம் மாவட்டத்தில், பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு எச்பிவி தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோர் இடவேண்டிய கையெழுத்தைப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே இட்டிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பி 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-இல் இந்திய நாடாளுமன்றக் குழுவும் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான், நம் பள்ளிகளிலும் 2010 முதல் போடுகிறார்கள். சம்மதத்தில் செய்த தவற்றால் நல்ல மருந்தின்மீதே மக்களுக்குச் சந்தேகம் வந்தது.

2030-க்குள் 70 விழுக்காட்டுப் பெண்களைச் சோதிக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இலக்கு. ஆனால் நம்பிக்கை இழந்த பெண் அடுத்த முறை வரமாட்டாள்.

சுகாதார அமைச்சுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் என் வேண்டுகோள் இது: ஆய்வைத் திட்டமிடும்போதே தோட்டத்துப் பெண்களையும் பூர்வகுடிப் பெண்களையும் அழைத்துப் பேசுங்கள். படிவத்தை அவரவர் மொழியில் விளக்குங்கள். முடிவை நேரில் வந்து சொல்லுங்கள். சிகிச்சைக்கு வழி செய்த பிறகே மாதிரி கேளுங்கள்.

சகோதரிகளே, பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். விளங்கும்வரை கேளுங்கள், விளங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பீடோங், கெடா.