எரிபொருள் பயிர்கள்: உழவரின் தயக்கத்தில் நியாயம் உண்டு

பயிரிலிருந்து எரிபொருள் எடுக்கும் திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நகரத்தில் ஒரு விதமாகவும் கிராமத்தில் வேறு விதமாகவும் முகம் சுளிக்கிறார்கள். வண்டி வைத்திருப்பவர் மைலேஜ் குறைகிறது என்கிறார். மானாவாரி நிலம் வைத்திருப்பவரோ, "காட்டாமணக்கு மாதிரிதானே இதுவும்?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். இதனை அறியாமை என்று எண்ணி, விளக்கக் கூட்டம் போட்டால் தீரும் என்று கருதுவோர் உளர். அது சரியன்று. உழவரின் மறுப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

2003-ஆம் ஆண்டு மத்திய திட்டக்குழு அமைத்த குழு ஒன்று, டீசலில் 20 சதவீதம் தாவர எண்ணெய் எரிபொருளைக் கலக்கலாம் என்றும், அதற்கு 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேரில் காட்டாமணக்கு பயிரிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தண்ணீர் அதிகம் வேண்டாம், தரிசிலும் வளரும், ஆடு மாடு கடிக்காது என்று ஊர் ஊராகச் சொல்லப்பட்டது. (வாய்க்கால் கரைகளில் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு, பெயர்தான் ஒன்று.) ஆடு கடிக்காது என்பது உண்மைதான், அதனால்தான் முன்னோர் அதனை வேலியில் வைத்தனர். ஆனால் செடி வளர்வது வேறு, காய்ப்பது வேறு. நீரும் உரமும் இல்லாத நிலத்தில் காய்ப்பு மிகக் குறைவு. தேர்ந்தெடுத்துப் பண்படுத்திய இரகமும் அன்று உழவர் கைக்கு வரவில்லை. காய்கள் ஒரே சமயத்தில் முற்றாமையால் பலமுறை ஆள் விட்டுப் பறிக்க வேண்டும்; கிடைத்த விதை பல இடங்களில் பறிப்புக் கூலிக்கே போதவில்லை. பிண்ணாக்கும் நச்சுத்தன்மை உடையது. எருவாகும், மாட்டுக்கு ஆகாது.

நிலக்கடலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மழை பொய்த்துக் கடலை காய்க்காமற் போனாலும் கொடியாவது மாட்டுக்கு மிஞ்சும். காட்டாமணக்கில் அதுவும் இல்லை. பலனுக்கு மூன்றாண்டு காத்திருக்கவும் வேண்டும். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடத்தப்பெற்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வும், விளைச்சல் எதிர்பார்த்ததற்கு மிகவும் குறைவு, சாகுபடி கட்டுப்படியாகவில்லை என்றே கூறிற்று. செடியைப் பிடுங்கி நிலத்தைத் திருத்திய செலவு உழவருடையதாயிற்று. இந்த நினைவு இருபதாண்டில் அழிந்துவிடாது.

எத்தனாலின் நிலை வேறு. இதற்குச் சந்தை உண்டு. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2013-14-இல் சுமார் ஒன்றரை சதவீதம். 2022-இல் 10 சதவீதம். 2025-இல் 20 சதவீதம். முதலில் 2030 என்று குறித்த இலக்கு ஐந்தாண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. கொள்முதல் விலையும் முன்கூட்டி அறிவிக்கப்படுகிறது. ஆனால் அந்த விலை ஆலைக்கு உரியது. வயலுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதே கரும்பு உழவரின் கேள்வி. கொள்கையும் நிலையாக நிற்கவில்லை. 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2024 ஆகஸ்டில் அது நீக்கப்பட்டது. ஓராண்டுப் பயிரை வைத்திருப்பவர் நடுவில் என்ன செய்வார்?

தண்ணீர்க் கணக்கை இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. கிணறு ஆண்டுதோறும் ஆழம் போய்க்கொண்டிருக்கும் வட்டாரங்களில் எத்தனாலுக்காகக் கரும்புப் பரப்பைப் பெருக்கச் சொல்வது பொறுப்பான யோசனை ஆகாது. ஏற்கனவே உள்ள ஆலைகளின் கழிவுப்பாகை முழுதும் பயன்படுத்துவது வேறு விஷயம்; அதற்குத் தனியாக நீர் பாய்ச்ச வேண்டியதில்லை.

மக்காச்சோளம் குறைந்த நீரில் நான்கு மாதத்திற்குள் வந்துவிடும். எத்தனால் ஆலைகள் வாங்கத் தொடங்கியபின் அதன் விலைக்குப் பிடிப்பு ஏற்பட்டது. பெரம்பலூர் உழவருக்கு இது நல்ல செய்தி. நாமக்கல் கோழிப்பண்ணையாளருக்கு அதே செய்தி கசக்கிறது. தீவனத்தில் பெரும் பங்கு மக்காச்சோளமே அல்லவா! ஆலையில் எஞ்சும் உலர்சக்கையைத் தீவனத்தில் சேர்க்கலாம் என்றாலும், பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று சோதித்தே சேர்க்க வேண்டும். முட்டை விலையில் இதன் எதிரொலி கேட்கும்போது பொதுமக்களின் கருத்தும் மாறும் என்பதைத் திட்டமிடுவோர் மறக்கலாகாது.

மைலேஜ் குறைபாட்டையும் மழுப்ப வேண்டியதில்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்ப ஆற்றல் குறைவு. பழைய வகைக் கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று மேற்சொன்ன அறிக்கையிலேயே உள்ளது. அதை ஈடுகட்ட விலையைக் குறைக்கலாம் என்ற யோசனையும் அதிலேயே உண்டு. குறையை முதலிலேயே சொல்லி விலையிலும் காட்டியிருந்தால் இத்தனை வதந்திக்கு இடம் இருந்திராது.

எந்த எரிபொருள் பயிரையும் உழவரிடம் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணியாளர், விளைச்சலைச் சொல்லுமுன் மூன்று செய்திகளைச் சொல்லட்டும்: வாங்குபவர் யார், எந்த விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு. ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். வாங்குபவர் பின்வாங்கினால் செடியைப் பிடுங்கும் செலவு எவருடையது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதுவரை புங்கன் வரப்பிலேயே நிற்கட்டும். தழை நெல் வயலுக்கும், நிழல் மாட்டுக்கும் ஆகும். விதையை யாரேனும் எண்ணெய்க்குக் கேட்டால், அன்றைய விலையைப் பார்த்து விற்றுக்கொள்ளலாம்.