தொய்ந்த கதவு

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குத் தனிக்களை வந்துவிடும். குதிரைப் பந்தயமும் பூக்காட்சியும் ஒருபுறமிருக்க, மகாகஸ்தோட்டை மலைப்பாதையிலே 1934ஆம் ஆண்டு தொடங்கிய மோட்டார் மலையேற்றப் போட்டியையும் மலைநாட்டார் மறப்பதில்லை. அந்நாளில் தோட்டத் துரைமார் விரும்பி ஓட்டிய சிறு கார்களிற் சில இன்றும் நம்மவர் கைகளில் உயிரோடிருக்கின்றன.

அத்தகையதொன்று அட்டனிலே நம் நண்பரிடம் உண்டு. எம்.ஜி. டி.சி. என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை இவ்வகைக் கார்கள் சுமார் 10,000 செய்யப்பட்டன. சென்ற ஆண்டு அதன் இடப்புறக் கதவு தொய்ந்து போயிற்று. ஓங்கி அறைந்தாலன்றி மூடாது.

"பூட்டுத் தகட்டைச் சற்றே அராவி இறக்கிவிட்டால் தீர்ந்தது" என்றார் நண்பர்.

அருகில் நின்ற முதிய தச்சர், "ஐயா, அந்த ஆசனத்தில் அமர்பவர் யார்?" என்று வினவினார்.

அமர்பவன் நண்பரின் பத்து வயது மைந்தன்!

அவ்வினாவின் பொருள் பின்னரே நமக்கு விளங்கிற்று. இக்காரின் கதவுகளுக்குப் பிணைச்சல் பின்புறத் தூணிலே உள்ளது. ஓடும்போது பூட்டு நழுவினால் எதிர்க்காற்றே கதவை வீசித் திறந்துவிடும். ஆசனப் பட்டியும் அக்காலக் கார்களில் இல்லை. மலைப்பாதை வளைவொன்றில் அவ்வாறு நேர்ந்தால் என்னாகும்?

தச்சர் கதவைப் பாதி திறந்து, நுனியைக் கையால் மேலே தூக்கிப் பார்த்தார். பிணைச்சலின் ஊசி தேய்ந்திருந்தால் அதை மாற்றினாற் போதும். இங்கோ தூணே அசைந்தது. வெளித்தகட்டின் உள்ளே இருப்பது ஆஷ் என்னும் மரச்சட்டம். பல்லாண்டு மழையும் மூடுபனியும் ஊறி அதன் அடி உளுத்திருந்தது.

உளுத்த பகுதியை நீக்கி, நன்கு உலர்ந்த மரத்தை இசைத்தார். காரைச் சமதரையில் நிறுத்தி, உடலுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே மெல்லிய தகடுகளைச் செருகி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி எங்கும் ஒன்றாகும்வரை பார்த்தார். பிறகு பிணைச்சலை முடுக்கினார். பூட்டுத் தகட்டைத் தொட்டது கடைசியிலேதான். "பூட்டு கதவைப் பிடிக்க வேண்டும், தூக்கக் கூடாது" என்றார்.

1962இல் வந்த எம்.ஜி.பி. போன்ற கார்களில் இம்மரச்சட்டம் இல்லை. ஆயினும் கதவின் கீழுள்ள உருக்குச் சட்டம் துருவேறினால் அங்கும் இதே கதைதான்.

மாணவர்களே! விடை பிழைத்த கணக்கில் இறுதி வரியை மட்டும் அழித்தெழுதுவோரை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் காண்கிறோம். பிழை பிறந்த வரியைத் தேடிச் செல்வோர் சிலரே. அன்று நமது நண்பரும் இறுதி வரியைத்தான் அழிக்கப் பார்த்தார்.

வேலை முடிந்த நாளில் அச்சிறுவன் ஒற்றை விரலால் கதவைத் தள்ளினான். ஓசையின்றி மூடிக்கொண்டது.