எனக்குச் சாறு போதும்



இந்த மாதம் அடுப்பில் எலும்புச் சட்டியை ஏற்றுவோம். வீட்டில் காய்ச்சலா, பிள்ளைப்பேறா, கை கால் முறிவா, எதுவானாலும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது எலும்புச் சாறுதான். சிலர் சூப் என்பார்கள், சிலர் எலும்பு ரசம் என்பார்கள். பெயர் எதுவானாலும் அந்த ஆவி பறக்கும் கோப்பை கைக்கு வந்தால் பாதி நோய் போன மாதிரித்தான். அதை எப்படிக் காய்ச்சுவது என்று சொல்வதற்கு முன், என் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடுப்போடு புத்தளம் பக்கம் போனவர்கள் நாங்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்த சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வந்து சில வருடங்களில், உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்றிலிருந்து தெருவே சாறு கொண்டு வந்தது. எலும்பு முறிந்தால் எலும்புச் சாறு என்பது யாருக்குத்தான் தெரியாது? நானும் விடிந்தால் ஒரு சட்டி, பொழுதுபட்டால் ஒரு சட்டி என்று காய்ச்சினேன்.

ஆறு கிழமை கழித்து கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். உம்மா நன்றாக மெலிந்திருந்தார். டொக்டர் அம்மா என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?" என்று கேட்டார். பெருமையோடு சொன்னேன், மூன்று வேளையும் சூப் என்று. "அந்த இறைச்சியை ஆர் சாப்பிடுறது?" என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்கு வாயடைத்துவிட்டது. இறைச்சியைப் பிள்ளைகளும் அவர்களின் வாப்பாவும் சாப்பிட்டார்கள். படுக்கையில் கிடந்தவருக்குத் தண்ணீர், ஓடித் திரிகிறவர்களுக்குச் சதை!

நான் கொடுக்காமல் இல்லை. கோப்பையில் இரண்டு துண்டு போட்டால் உம்மா எடுத்துப் பேரனின் தட்டில் வைத்துவிடுவார். "எனக்குச் சாறு போதும் மகள்" என்பார். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று பிறகுதான் யோசித்தேன். முகாமில் இருந்த நாட்களில் எப்போதாவது கொஞ்சம் எலும்பும் இறைச்சியும் கிடைக்கும். அதற்கு எட்டு வாய். இறைச்சி எங்களுக்கு, சட்டியில் மிஞ்சிய சாறு உம்மாவுக்கு. முகாமை விட்டு வந்தோம், அந்தப் பழக்கம் மட்டும் உம்மாவை விட்டுப் போகவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். சில வேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

சாற்றில் என்ன இருக்கிறது?

எலும்பு, மூட்டு, ஜவ்வு, தோல் ஆகியவற்றில் கொலாஜன் என்ற புரதம் உண்டு. நீண்ட நேரம் மெதுவாகக் கொதிக்கும்போது அது கரைந்து ஜெலற்றினாக மாறுகிறது. சாறு ஆறினால் கட்டிப்பட்டு நடுங்குகிறதே, அதற்குக் காரணம் இதுதான். இன்று கடைகளில் அதிக விலைக்கு விற்கும் கொலாஜன் பொடியும் இதே பொருள்தான். பன்றியிலிருந்தும் அதைச் செய்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். நம் கையால் ஹலாலாகக் காய்ச்சும் சட்டியில் அந்தச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஜெலற்றின் முழுமையான புரதம் அல்ல. உடலுக்குக் கட்டாயம் வேண்டிய திரிப்டோபன் என்ற கூறு அதில் இல்லை. இதை உலகம் ஒரு கசப்பான வழியில் கற்றுக்கொண்டது. 1800களின் முற்பகுதியில் பாரிஸ் நகரில், இறைச்சி வாங்க வசதியில்லாத ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் எலும்பிலிருந்து எடுத்த ஜெலற்றின் சூப்பைக் கொடுத்தார்கள். இறைச்சிக்கு இது ஈடு என்று சொல்லப்பட்டது. மஜந்தி என்ற உடலியல் அறிஞரின் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்து 1841இல் அறிக்கை வெளியிட்டது. ஜெலற்றினை மட்டும் உணவாகப் பெற்ற நாய்கள் மெலிந்து போயின. ஏழைக்குச் சாறு, மற்றவர்களுக்குச் சதை என்ற கணக்கு அன்றே பிழைத்துவிட்டது.

கல்சியக் கதையும் அப்படித்தான். எலும்பில் நிறையக் கல்சியம் இருப்பது உண்மை. ஆனால் அது எலும்பிலேயே தங்கிவிடுகிறது, தண்ணீரில் இறங்குவது சொற்பம். 1934இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்குக் கொடுக்கும் எலும்புச் சாற்றை ஆராய்ந்து பார்த்தார்கள். அதிலிருந்த கல்சியம் பாலில் இருப்பதற்குக் கிட்டவும் வரவில்லை. புளியோ தேசிச்சாறோ விட்டால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். எலும்புக்குக் கல்சியம் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே இருக்கிறது: முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, முருங்கையிலை, குரக்கன், எள்ளு, பால், தயிர். 100 கிராம் குரக்கனில் மட்டும் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு.

அப்படியானால் சாறு வீணா? இல்லவே இல்லை. வாய் கசந்து, பசி செத்துக் கிடக்கும் நோயாளிக்கு அது பசியைத் தூண்டும். வியர்வையிலும் வயிற்றோட்டத்திலும் இழந்த தண்ணீரையும் உப்பையும் ஓரளவு திருப்பித் தரும். 1978இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், சூடான கோழிச் சூப் வெந்நீரை விட நன்றாக மூக்குச் சளியை இளக்கி ஓட வைத்தது தெரியவந்தது. நம் மூத்தோர் சொன்னது பொய்யல்ல. சாறு நல்ல துணை, ஆனால் அது தனியாக ஒரு சாப்பாடு ஆகாது.

ஐம்பது கிலோ நிறையுள்ள ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை என்கிறார்கள். வீட்டில் காய்ச்சும் ஒரு கோப்பைச் சாற்றில் கிடைப்பது சில கிராம்தான். ஒரு முட்டையில் ஆறு கிராம் உண்டு. சமைத்த இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம். உம்மா ஏன் மெலிந்தார் என்பது இப்போது விளங்குகிறதா? மூன்று கோப்பைச் சாறு அவருடைய வயிற்றை நிரப்பியது, உடம்பை நிரப்பவில்லை.

நம் பழைய சமையலைக் கவனியுங்கள். நோன்புக் கஞ்சியில் எலும்பு மட்டுமா போடுகிறோம்? அரிசி, பயறு, இறைச்சி எல்லாம் சேர்கின்றன. ஆட்டுக்கால் பாயாவை இடியப்பத்தோடு தின்கிறோம். சாற்றைத் தனியாக விடக்கூடாது என்பது நம் மூத்தம்மாமாருக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது.

காய்ச்சும் விதம்

ஆட்டெலும்பு ஒரு கிலோ, அதில் மூட்டெலும்பும் காலும் இருக்கட்டும். தனியாக இறைச்சி கால் கிலோ. எலும்பைக் கழுவி, மூடும் அளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நுரையும் வாடையும் போய்விடும்.

இனி மூன்று லீற்றர் நல்ல தண்ணீர் விட்டு, எலும்பையும் இறைச்சியையும் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தேசிச்சாறு சேருங்கள். மல்லி இரண்டு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, நற்சீரகம் ஒரு தேக்கரண்டி, இவற்றை இடித்துத் துணியில் முடிந்து போடலாம். உள்ளி எட்டுப் பல்லு, ஒரு துண்டு இஞ்சி, பத்துச் சின்ன வெங்காயம், கொஞ்சம் மஞ்சள். மூடியைப் போட்டு மெல்லிய நெருப்பில் விடுங்கள். தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும்.

இறைச்சி வெந்ததும் எடுத்து வையுங்கள். எலும்பு மூன்று நான்கு மணித்தியாலம் கிடக்கட்டும். பிரஷர் குக்கரில், அதன் அளவுக்குள் தண்ணீரைக் குறைத்து வைத்தால், ஒரு மணித்தியாலம் போதும். கோழி எலும்புக்குச் சட்டியிலேயே இரண்டு மணித்தியாலம் போதும்.

வடித்த சாற்றில் ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பை அவித்து மசித்து விடுங்கள். எடுத்து வைத்த இறைச்சியை நூல் நூலாகப் பிய்த்து அதிலேயே போடுங்கள். பல்லில்லாதவருக்கு அம்மியில் ஒரு தட்டுத் தட்டிப் போடலாம். இறக்கப் போகும் நேரத்தில் ஒரு பிடி முருங்கையிலை. உப்பைக் கடைசியில் அளவாகப் போடுங்கள். கோப்பையில் ஊற்றிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். உடல் தன் சொந்தக் கொலாஜனைக் கட்டுவதற்கு விற்றமின் சி வேண்டும், அதிகம் கொதித்தால் அது கெட்டுவிடும்.

நம் ஊர்த் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான் நம் கிணறுகளில் ஊறுகிறது. தோட்டத்துப் பசளையும் மலக்குழிக் கழிவும் அதே கல்லினூடாக இறங்குவதால், பல கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும். மூன்று லீற்றர் ஒன்றரையாக வற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். கைக்குழந்தைகளின் இரத்தத்தில் அது ஒட்சிசனைச் சுமக்கவிடாமல் தடுக்கக்கூடும். ஆகவே சாற்றுக்குப் பரிசோதித்த குடிநீரையே எடுங்கள், மூடிக் காய்ச்சுங்கள். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகும் ஒரு வயது வரை உப்புப் போட்ட சாறு வேண்டாம்.

யார் கவனிக்க வேண்டும்?

பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும். கடைச் சூப் கட்டிகளில் உப்பு மிக அதிகம். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்களுக்கு இந்தச் சாறே வேதனையைக் கிளப்பலாம். சிறுநீரக நோயாளிகள் டொக்டரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது. கொலஸ்ரரோல் உள்ளவர்களுக்கு, சாற்றை ஆறவைத்து மேலே படியும் கொழுப்பை வழித்துவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, பெரிய சட்டியை இரவு முழுவதும் அடுப்பிலேயே விட்டுவிட்டு விடியச் சூடாக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கொதியில் சாகாத சில கிருமிகளின் வித்துக்கள், சாறு மெல்ல ஆறும்போது விழித்துப் பெருகும். அந்தச் சாறு வயிற்றைக் கலக்கிவிடும். எனவே சின்னப் பாத்திரங்களில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர்த் தாச்சியில் வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி எலும்பு மிஞ்சினால் வீசாமல் உறைய வைத்தால் பல கிழமைக்கு உதவும்.

சாறும் சதையும்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, நபி (ஸல்) அவர்கள் தம் ஹஜ்ஜில் தம் கரத்தால் 63 ஒட்டகங்களை அறுத்தார்கள். மீதியை அலி (ரலி) அவர்கள் அறுத்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து ஒரே சட்டியில் சமைக்கப்பட்டது. இருவரும் அந்த இறைச்சியை உண்டு, அதன் சாற்றையும் பருகினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆணம் சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னதும் அதே நூலில்தான். நம் அண்டையில் இந்துச் சகோதரியும் கிறிஸ்தவச் சகோதரியும் இருக்கிறார்கள். அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று கேட்டு, கோழிச் சாறோ ஆட்டுச் சாறோ கொடுத்தனுப்புங்கள். அனுப்பும் கோப்பையில் இரண்டு துண்டு இறைச்சியும் இருக்கட்டும்.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று இரவு, பிய்த்த இறைச்சியும் பருப்பும் சேர்ந்த சாற்றை உம்மாவின் கையில் கொடுத்து, பேரனை உம்மாவின் பக்கத்திலிருந்து எழுப்பி அடுத்த அறையில் சாப்பிட வைத்தேன். கோப்பைக்குள் பார்த்துவிட்டு உம்மா, "பிள்ளைகளுக்கு இருக்கா மகள்?" என்று கேட்டார். சட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் கரண்டியை எடுத்தார். மெல்ல மெல்ல நிறை ஏறியது, அல்ஹம்துலில்லாஹ். முற்றத்து வெயிலில் கோல் ஊன்றி நடக்கவும் தொடங்கினார்.

உங்கள் வீட்டில் யாராவது "எனக்குச் சாறு போதும்" என்று சொன்னால், அடுத்த முறை அதை நம்பாதீர்கள். சட்டியைக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.