‘3,000 ஸ்டால் போடு ப்ரோ’: ரோட்டில் ஓடும் காருக்கு எந்த டார்க் கன்வெர்ட்டர் சரி?

சங்கரன்கோவில் மாதிரி ஊரில் டார்க் கன்வெர்ட்டரை நேரில் கழற்றிப் பார்த்த ஆளைத் தேடினால், கார் மெக்கானிக்கைவிட ஜேசிபி மெக்கானிக் முதலில் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஜேசிபியை மண் குவியலில் முட்டக்கொடுத்து ஆபரேட்டர் ஆக்சிலரேட்டரை மிதிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். எஞ்சின் கத்தும், வண்டி ஓரடி நகராது, ஆனாலும் எஞ்சின் நின்றுபோகாது. நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் அந்த இழுவையை எண்ணெயில் வாங்கிக்கொள்கிறது. சக்கரம் அசையாமல் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் வரை ஏறி நிற்கிறதோ, அதுதான் ‘ஸ்டால் ஸ்பீடு’. (வண்டி ஆஃப் ஆவதையும் ஸ்டால் என்பார்கள். அது வேறு, இது வேறு.)

இதே பாகம்தான் ஸ்கார்ப்பியோ-என், தார், இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் இருக்கிறது. அந்த வண்டிகளை வாங்கும் இளைஞர்களில் ஒரு கூட்டம் அடுத்து செய்வது ரீமேப். அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டரில் மென்பொருளை மாற்றி கூடுதல் இழுவை எடுப்பது. அதன்பிறகு அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வரும் அடுத்த ஆசை: “கன்வெர்ட்டரையும் மாத்திருவோமா? 3,000 ஸ்டால் போட்டா பறக்குமாம்ல.”

பறக்காது. தினமும் ரோட்டில் ஓடும் டீசல் காருக்கு அது பெரும்பாலும் தப்பான செலவு.

எண்ணெய்க்குள் என்ன நடக்கிறது?

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். கன்வெர்ட்டருக்குள் காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சினோடு சுற்றுவது பம்ப், கியர்பாக்ஸோடு சுற்றுவது டர்பைன். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்தில் மடக்கி அனுப்புவதால், வண்டி கிளம்பும் நேரத்தில் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. 1905-ல் ஜெர்மன் பொறியாளர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற யோசனை இது. 1948-ல் பியூக் ‘டைனாஃப்ளோ’ வழியாக அமெரிக்கக் கார்களில் பரவியது.

இப்போதைய கன்வெர்ட்டரில் இன்னொரு பாகமும் உண்டு: லாக்-அப் கிளட்ச். வேகம் பிடித்ததும் பம்பையும் டர்பைனையும் இது நேரடியாகப் பூட்டிவிடும். வழுக்கல் நிற்கும், சூடு குறையும், மைலேஜ் கூடும். ரீமேப் செய்த வண்டியில் அதிகம் அடிவாங்குவது இந்தக் கிளட்ச்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

அமெரிக்க ஆலோசனை இங்கே ஏன் பொருந்தாது?

அங்கே ‘ஹை ஸ்டால்’ கேட்பது பெரும்பாலும் பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட பழைய வி8 பெட்ரோல் வண்டிக்காரர்கள். அந்த எஞ்சினில் கீழ் ஆர்பிஎம்மில் உயிரே இருக்காது, 3,000-க்கு மேல்தான் விழிக்கும். அதனால் கிளம்பும்போதே எஞ்சினை அங்கே கொண்டுபோய் நிறுத்தும் தளர்வான கன்வெர்ட்டர் தேவைப்படுகிறது. கால் மைல் ஓடிவிட்டு டிரெய்லரில் ஏறி வீட்டுக்குப் போகும் கார் என்றால் சூட்டைப் பற்றியும் கவலையில்லை.

டர்போ டீசலின் கதை நேர் எதிர். ஸ்கார்ப்பியோ-என் டீசல் ஆட்டோமேட்டிக்கின் 400 நியூட்டன் மீட்டர் இழுவை 2,000 ஆர்பிஎம்மை ஒட்டியே கிடைத்துவிடுகிறது. அதற்கு 3,000 ஸ்டால் போட்டால், இழுவை நிறைந்த இடத்தைத் தாண்டிப் போய் எண்ணெயைக் கலக்கிக்கொண்டு நிற்கும். டீசலுக்கு வேண்டியது ‘டைட்’ கன்வெர்ட்டர்: கம்பெனி ஸ்டால், அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு.

ஸ்டால் எண் கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. அது எஞ்சின் இழுவையின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறும். 300 நியூட்டன் மீட்டர் எஞ்சினில் 2,000 காட்டும் கன்வெர்ட்டர், 400 நியூட்டன் மீட்டர் எஞ்சினில் சுமார் 2,300 காட்டும். ‘இது 2,400 ஸ்டால்’ என்று ஒருவர் விற்றால், எந்த எஞ்சினில் வைத்து அளந்தது என்று கேட்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

சூட்டுக் கணக்கு

400 நியூட்டன் மீட்டர் இழுவையோடு ஒரு எஞ்சின் 2,200 ஆர்பிஎம்மில் ஸ்டாலில் நிற்கிறது என்று வைப்போம். உள்ளே போகும் சக்தி சுமார் 92 கிலோவாட். சக்கரம் அசையாததால் மொத்தமும் சூடாகிறது. வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் 46-ஐ ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். கன்வெர்ட்டரில் ஐந்து லிட்டர் எண்ணெய் இருந்தால், ஐந்தே விநாடியில் அது 50 டிகிரி வரை ஏறலாம். சுற்றியுள்ள இரும்பு கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும் ஆபத்து ஆபத்துதான். ‘லாஞ்ச்’ செய்து காட்டுகிறேன் என்று பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆடித்தபசு அன்று சங்கரன்கோவிலுக்குள் ஊர்ந்து நுழையும் கார், பிரேக்கில் கால் வைத்தபடியே மணிக்கணக்கில் வழுக்கிக்கொண்டிருக்கும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் லாக்-அப் பூட்டவே வாய்ப்பு கிடைக்காது. ரேடியேட்டருக்குப் போதிய காற்றும் வராது. இந்தப் பக்கத்து வண்டிக்கு இதுதான் நிஜமான டெஸ்ட் டிராக். தளர்வான கன்வெர்ட்டர் முதலில் தோற்பதும் இங்கேதான்.

அப்போ எப்போ மாற்றலாம்?

ரீமேப்பில் 60, 80 நியூட்டன் மீட்டர் கூடுகிறது என்றால், எஞ்சின் தாங்கலாம், கியர்கூடத் தாங்கலாம். லாக்-அப் கிளட்ச் தாங்குமா என்பதே கேள்வி. ராஜபாளையம் ரோட்டில் 80-ல் போகும்போது லேசாக மிதித்தால் வேகம் கூடாமல் ஆர்பிஎம் முள் மட்டும் 100, 200 ஏறுகிறதா? ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் வருகிறதா? கியர் ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடிக்கிறதா? இவை லாக்-அப் வழுக்குவதன் அடையாளங்கள். அப்போதும் முதலில் ஆயிலை மாற்றிப் பார்க்க வேண்டும், பழைய ஆயிலாலேயே நடுக்கம் வருவதுண்டு. ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சொல்லப்படும் ஆயிலைக்கூட 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது கியர்பாக்ஸ் தயாரிப்பாளரான இசட்எஃப்.

அடுத்த செலவு கூடுதல் ஆயில் கூலர். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் கன்வெர்ட்டர். அதிலும் தேட வேண்டியது பெரிய ஸ்டால் எண்ணை அல்ல, பல தகடுகள் கொண்ட வலுவான லாக்-அப்பை. இந்திய வண்டிகளுக்கென்று அப்படி ரெடிமேடாகக் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் உள்ளதையே வெட்டித் திறந்து, சரிசெய்து, வெல்டிங் செய்து, பேலன்ஸ் பார்த்துத் தருவார்கள். பேலன்ஸ் பார்க்காமல் தருபவரிடம் கொடுக்கவே வேண்டாம். லாக்-அப்பை எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் பூட்டுவது என்பது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் வேலை என்பதால் அதையும் சேர்த்து ட்யூன் செய்ய வேண்டியிருக்கும்.

இங்கே ரீமேப் விற்பவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று போஸ்டர் போடுகிறவர்கள், இந்த கியர்பாக்ஸின் லாக்-அப் எவ்வளவு தாங்கும் என்பதையும் பணம் வாங்கும் முன்பே சொல்ல வேண்டும். கோவையில் மாற்றிய மென்பொருளால் சங்கரன்கோவிலில் வண்டி நின்றால், அதை மதுரைக்குக் கட்டி இழுக்கவே நூறு கிலோமீட்டருக்கு மேல். வீட்டில் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் இருப்பது அந்த ஒரே வண்டியாகவும் இருக்கலாம்.

சட்டமும் விளையாட்டில்லை. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வாரன்ட்டி போகும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கிளைமை மறுக்கவும் இடமுண்டு.

இத்தனைக்கும் பிறகு கன்வெர்ட்டரை மாற்றுகிறவர்கள் கியர்பாக்ஸ் ஆயில் கூலரையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். பழைய கூலரைக் கழுவிவிட்டால் போதும் என்பார்கள். அதன் சந்துகளில் தங்கிய உலோகத் தூள் முழுதாக வராது, புது கன்வெர்ட்டருக்குள்தான் போய்ச் சேரும்.